எண்ணெய்த் தாளில் வந்த கணக்கு

1. நாலு பக்கம், ஒரு வெட்டும் இல்லை

"இது அந்தப் பிள்ளை செய்த வேலை இல்லை" என்று மிஸஸ் கோல்மன் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கிழக்கு லண்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அது. அவ கணிதப் பகுதிக்குத் தலைவி. நான் கிளாஸ்ரூம் அசிஸ்டன்ட். இலங்கையில், ஊரில், பதினோரு வருடம் கணிதம் படிப்பித்த பட்டதாரி ஆசிரியை, இங்கே பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது உண்மைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அரசாங்கம் கல்வியைத் திருத்துகிறேன் என்று ஆண்டுக்கொரு சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிக்கூடங்களின் பெறுபேறுகளை வரிசைப்படுத்திப் பத்திரிகையில் போடத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் தேநீர் ஆறும்வரை ஒரே வாக்குவாதம். பரீட்சை மட்டும் போதும் என்று ஒரு கட்சி. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்க, வீட்டில் செய்து கொடுக்கும் கோர்ஸ்வேர்க்கும் வேண்டும் என்று மறு கட்சி. மிஸஸ் கோல்மன் இரண்டாவது கட்சி. நான் வாய் திறக்காவிட்டாலும் முதல் கட்சி. பரீட்சைக்குப் படித்து வந்த எங்களுக்கு வேறென்ன தோன்றும்?

வாசுகிக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். கணக்கில் புலி, பேச்சில் பூனை. அவளுடைய கோர்ஸ்வேர்க் இதுதான்: ஒரு சதுரக் குளம், அதைச் சுற்றி ஒரு வரிசை ஓடு பதிக்க வேண்டும், குளம் எந்த அளவாக இருந்தாலும் எத்தனை ஓடு என்று சொல்ல ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க வேண்டும். வாசுகி நாலு பக்கம் கொடுத்திருந்தாள். சரியான சூத்திரம், அச்சடித்தது போன்ற எழுத்து, ஒரு வெட்டு, ஒரு திருத்தம் கிடையாது.

அதுதான் வினையாகிப் போனது. இவள் தேடிய வழி எங்கே, முட்டி மோதிய இடம் எங்கே என்று மிஸஸ் கோல்மன் கேட்டா. வாசுகியையே கூப்பிட்டுக் கேட்டா. ஆசிரியருக்கு எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இங்கிலாந்தில் தலை குனிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான்.

வெள்ளிக்கிழமை பரீட்சைச் சபைக்குப் புள்ளிகள் போக வேண்டும். இந்த வேலைக்குப் பூச்சியம் விழுந்தால் அவளைச் சுலபமான கீழ்ப் பேப்பர் எழுதத்தான் விடுவார்கள். கீழ்ப் பேப்பரை எவ்வளவு திறமாக எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ-லெவலில் கணிதம் படிக்க விடமாட்டார்கள். கணிதத்தை விட்டால் அந்தப் பிள்ளைக்கு இங்கிலாந்தில் வேறு மொழியே இல்லை.

2. ஃபாரஸ்ட் கேட் அடுப்படி

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாசுகியோடு ஃபாரஸ்ட் கேட்டில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். நடந்து போகையில், ரஃப் வேலையை ஏன் உள்ளே வைக்கவில்லை என்று அதட்டலாகத்தான் கேட்டேன்.

"நீங்கள்தானே மிஸ், ரஃப் பேப்பரை உள்ள வைக்கக் கூடாது எண்டு சொன்னனீங்கள்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சொன்னது நான்தான். ஊரில் என் வகுப்புச் சட்டமே அது: தனித்தாளில் செய்து பார், கொப்பியில் வடிவாக எழுது, தனித்தாளை எறி. வெட்டித் திருத்திய கொப்பியை நான் கையாலும் தொடமாட்டேன். இங்கே மத்தியான இடைவேளையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், அதுவும் பெருமையாக.

வாசுகியின் அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தா. கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குக் கொடுப்பா. தனித்தாள்களைப் பற்றிக் கேட்டதும் சிரித்துக்கொண்டு தட்டைக் காட்டினா. எண்ணெய் வடிய முறுக்குக்குக் கீழே விரித்திருந்தது வாசுகியின் கணக்கு. மிச்சமெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. நான் முறுக்கை ஒதுக்கி ஒதுக்கி எடுத்ததில் ஐந்து தாள் தேறியது. எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிந்தாலும் பேனா எழுத்து அழியவில்லை.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரீச்சர், இந்த எண்ணெய்ப் பேப்பரையோ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப்போறியள்? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? பிள்ளை இப்ப வடிவா எழுதித் தருவாள்."

வாசுகி அதற்குள் புதுத் தாளும் அடிமட்டமும் எடுத்து வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சரி என்று பட்டது. பிறகு, "வேண்டாம் தங்கச்சி, இப்பிடியே வேணும்" என்று தாள்களைப் பையில் போட்டேன். கூடவே ஒரு பொட்டலம் முறுக்கும் தந்துதான் அம்மா விட்டா.

3. குற்றவாளி நான்

அடுத்த நாள் காலையில் தாள்களை மேசையில் பரப்பி, பிழை என்னுடையது என்று மிஸஸ் கோல்மனிடம் சொன்னேன். அவ்வளவு வருடம் படிப்பித்துவிட்டு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லைதான். ஆனாலும் சொன்னேன்.

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தா. ஒன்றில் நாலு மூலைகளையும் மறந்து எண்ணியிருந்தாள். இன்னொன்றில் மூலைகளை இரண்டு தரம் எண்ணியிருந்தாள். படம் கீறி, எண்ணிப் பார்த்து, அடித்து, மூன்றாவது தாளில் சூத்திரத்தைப் பிடித்திருந்தாள். அந்த மனுசியின் முகம் மலர்ந்த மலர்ச்சி எனக்கு இன்றைக்கும் ஞாபகம். "விடையை யாரும் சொல்லிக் கொடுக்கலாம், மிஸஸ் சிவா. இந்தப் பிழைகள் அவளுடையவைதான்" என்றா. கையைத் துடைத்துக்கொண்டு, ஏன் எல்லாம் இப்படி வாசமாக இருக்கிறது என்று கேட்டா. முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

வாசுகி மேல் பேப்பர் எழுதினாள். ஏ-லெவலிலும் கணிதமே படித்தாள். கோர்ஸ்வேர்க்கைப் பிறகு அரசாங்கம் குறைத்துவிட்டது. முதல் கட்சி வென்றது என்றார்கள். நான் அப்போது கட்சி மாறியிருந்தேன்.

தாள்களைக் கொடுத்த அன்று மத்தியானமே தமிழ்ப் பிள்ளைகளின் அழிறப்பர்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்துவிட்டு, கரும்பலகையில் ஒரு கணக்குச் செய்து காட்டினேன். மூன்றாவது வரியில் அவசரத்தில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"மிஸ், அது பிழை."

வாசுகி. ஓர் ஆசிரியரைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கை தானாகவே டஸ்டரை எடுத்தது. எடுத்ததைத் திரும்ப வைத்தேன். அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே சரியாக எழுதச் சொல்லி அவளிடம் சோக்கைக் கொடுத்தேன்.