என் கையை உடைத்தவர் சொன்ன தீர்ப்பு

இன்று மார்க்கையன்கோட்டையில் பஸ் ஏறினேன். இடது கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறியதைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

பக்கத்து வயல்காரர். மூன்று வருடத்துக்கு முன் வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டு, மண்வெட்டிக் காம்பால் இந்தக் கையை உடைத்தவர்.

"வெசயம் தெரியுமா மதினி? போன வாரமே நம்ம கேசுல தீர்ப்புச் சொல்லிட்டாக. எனக்கு விடுதலை."

"எனக்கு யாரும் சொல்லலையே?"

"நீங்க வெறும் சாட்சிதான மதினி. ஒங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பார்த்தார். "இன்னும் வலிக்குதா? அன்னைக்குக் கொஞ்சம் ஓங்கிப் போட்டுட்டேன்."

சின்னமனூரில் இறங்கியதும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். ஏட்டையா பொறுமையாகத்தான் பேசினார்.

"இது கவர்மெண்டு நடத்துற கேசும்மா. அடிச்சது அவருதான்னு நிரூபிக்க முடியல. ஒங்க வேலை சாட்சி சொன்ன அன்னைக்கே முடிஞ்சிருச்சு."

அப்படியென்றால் உடைந்ததும் கவர்மெண்டு கைதான் போலிருக்கிறது.

உங்கள் வழக்கின் தீர்ப்பை உங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு, அடித்தவரே எழுந்து இடம் கொடுத்து, உட்காரவைத்துச் சொன்னார்.