பதினான்காவது வரியில் இருந்த திகதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிட்னி மெரிலேண்ட்ஸில், நானும் என்னை விட நான்கு வயது மூத்த ஓர் அக்காவும் ஒரு ஃபிளாட்டைப் பகிர்ந்து வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. கூடப்பிறந்த அக்கா இல்லை. யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்துவிட்டு வந்தவர். அந்தப் பட்டத்தை வைத்து இங்கே வழக்காட முடியாது. அதனால் வார நாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமைகளில் லிட்கமில் ஒரு இலவசச் சட்ட உதவி நிலையத்தில் நம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பு. நான் பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு வந்தவள். கணினி படித்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தரவுகளை ஆராயும் வேலையில் இருந்தேன்.

அந்த வருடம் ஒரு பல்கலைக்கழகம் சட்டச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடத்தை அறிவித்தது. சட்டம் புத்தகத்தில் என்ன சொல்கிறது என்பதை விட, சனங்களின் வாழ்க்கையில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கும் துறை. உதவித்தொகை உண்டு. இடம் ஒன்றுதான்.

அறிவிப்பை முதலில் கண்டது நான். அக்காவிடம் சொன்னதும் நான்தான். அவர் போட்டிக்கு வருவார் என்று நினைத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது தெரியாது. எனக்கு அந்த இடம் அவ்வளவு வேண்டியிருந்தது. இரண்டு வருடங்களாக வார இறுதிகளில் உட்கார்ந்து, அகதி விண்ணப்பங்கள் பற்றிய தீர்ப்புகளைப் படித்து வகைப்படுத்தும் ஒரு மென்பொருளை எழுதியிருந்தேன். கார் விபத்துக் கோரிக்கைகளை எண்ணியே வயது போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். விண்ணப்பத்துக்கு இருபத்து மூன்று வரிகளில் ஒன்று போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சரி அடையாளம், அதை உறுதிசெய்த திகதி. பதினான்காவது வரி இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். பல்கலைக்கழக அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தே கேட்டுவிட்டேன். விண்ணப்பதாரர் கடிதத்தை இணைத்தால் ஏற்க மாட்டார்கள். பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்புப் போகும். அவரே அதில் பதிவேற்ற வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இரண்டும் வராவிட்டால் விண்ணப்பம் கணக்கில் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. சரி போட்டேன், திகதி போட்டேன்.

அன்று மாலை அக்கா தன் ஆய்வுத் திட்டத்தை என்னிடம் தந்தார்.

"இதை ஒருக்காப் பாரும். இங்கிலீஷ் பிழையெண்டால் வெட்டும். பாவம் பாக்க வேண்டாம்."

நான் பேனையோடுதான் உட்கார்ந்தேன். முதல் வாக்கியமே இப்படி இருந்தது: சட்டம் ஒருவரிடம் தானாக நடந்து வருவதில்லை, இன்னொருவரின் வாய் வழியாகத்தான் வருகிறது. ஒரு காலக்கெடுவைப் பற்றி யாரும் சொல்லாததால் வழக்கை இழந்தவர்கள், சொன்னவர்கள், சொல்லாமல் விட்டவர்கள் என்று அவர் சனிக்கிழமைகளில் கண்டதெல்லாம் அதில் இருந்தது. ஆங்கிலம் இடறியது. ஆனால் என் திட்டத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. மனிதர்கள் இருந்தார்கள்.

இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, நல்லா இருக்கு என்று சொன்னேன். வயிற்றுக்குள் ஏதோ காந்தியது. நான் இங்கே படித்தவள், என் ஆங்கிலம் சுத்தம், என்னிடம் தரவு இருக்கிறது, அவருக்கு ஒரு அட்டவணைகூடப் போடத் தெரியாது. பல் தீட்டும்போதும் ரயிலில் நிற்கும்போதும் இதையே மனதில் வரிசைப்படுத்தினேன். எத்தனை தரம் எண்ணினாலும் அந்த முதல் வாக்கியத்துக்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை.

அதே செவ்வாய் மாலை அவர் ஒரு கடித உறையையும் எடுத்து, உள்ளே இருந்த கடிதத்தைக் காட்டினார். அவருடைய பழைய விரிவுரையாளர், இப்போது ஓய்வு பெற்றவர், ஊரிலிருந்து வந்த ஒரு மச்சானிடம் கொடுத்துவிட்ட பரிந்துரை.

"பாரும், சீலும் குத்தி, ஒவ்வொரு பக்கத்திலயும் சைனும் வைச்சிருக்கிறார் சேர். இங்கத்தைய ஆக்கள் இப்பிடித் தருவினமே?"

ஊரில் அதுதான் முறை. ஒட்டிய உறை, நீல மை முத்திரை. சட்ட உதவி நிலையத்து வழக்கறிஞரிடமும் அதேபோல ஒரு கடிதம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். கடைசி நாளான அடுத்த வார வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்து, ஒரே இருப்பில் விண்ணப்பத்தை நிரப்பி, கடிதங்களை ஸ்கேன் பண்ணி இணைப்பதாகத் திட்டம்.

நான் உறையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பொய் சொல்லவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விதி இணையத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். ஒன்பது நாட்கள் ஒரே குசினியில் சமைத்தோம். அவர் என் திட்டத்தையும் வாசித்து, "கேஸ் எல்லாம் எண்ணியிருக்கிறீர், ஒரு ஆளையும் காணேல்லையே" என்றார். அவர் சொன்னது சரி என்பதால் அன்று இன்னும் இறுகிப்போனேன்.

வியாழக்கிழமை மாலை அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ரெண்டு பேரும் அனுப்பிப்போட்டுத் தோசை சாப்பிடப் போவம். ஆருக்குக் கிடைச்சாலும் மற்றவ காசு குடுக்கிறது, சரியோ?"

தோசைக் கடையில் அவர் முன்னால் உட்கார்ந்து, நடக்கப்போவது தெரிந்துகொண்டே சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். அது என்னால் முடியாது என்று தோன்றியது.

"அக்கா, ஒரு விசயம். இப்பதான் பாத்தனான்," என்று தொடங்கி, விதியைச் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். ஊரில் அப்போது மத்தியானம். சேருக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இல்லை. மகள் வேலையிலிருந்து வர வேண்டும். நான் பக்கத்தில் இருந்து பரிந்துரையாளர் விவரங்களைப் பதிவுசெய்து கொடுத்தேன். வேறு எதுவும் தவறக்கூடாது என்று என் முழுப் பட்டியலையும் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை வழக்கறிஞர் தன் கடிதத்தைப் பதிவேற்றினார். சேருடைய இணைப்பு வேண்டாத மின்னஞ்சல்களோடு கிடந்திருக்கிறது. மகள் தேடி எடுத்து அவரது கடிதம் வந்து சேர்ந்தபோது மணி நான்கே கால். அக்கா குசினிக் கதிரையில் இருந்து அழுதார்.

நேர்முகத்துக்கு அவரை அழைத்தார்கள். எனக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. இடம் அவருக்குத்தான். அவர் சொன்னபடியே நான் தோசை வாங்கிக் கொடுத்தேன். யார் வந்தாலும் அவர், "இவ சொல்லாட்டி நான் முடிஞ்சன்" என்பார். நான் குனிந்து தேநீர் குடிப்பேன். அந்த நன்றி, அவருடைய வெற்றியை விட எரிச்சலாக இருந்தது.

ஒன்றரை வருடம் போனது. அவர் ஆய்வுக்காக ஆட்களைப் பேட்டி காணத் தொடங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். சம்மதப் படிவம்.

"நீர்தான் பதினோராவது ஆள்."

"எனக்கு ஒரு கேஸும் இல்லையே அக்கா."

"கேஸ் வேண்டாம். விதி தெரிஞ்சும் சொல்லாமல் வைச்சிருந்த ஆள் ஒராள் வேணும். கேட்டவை எல்லாரும் தாங்கள் உடன சொன்னதெண்டுதான் சொல்லுகினம்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கும் முன்னே அவரே சொன்னார்.

"உம்மட லிஸ்ற். பதினாலாவது வரி. சரியும் போட்டு, திகதியும் போட்டெல்லோ அனுப்பினனீர்."

அவசரத்தில் அந்தத் திகதிக் கட்டத்தை மறந்தே போயிருந்தேன். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பிறகு ஏன் எல்லாருக்கும் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீர் சொன்னது உண்மைதானே. ஒன்பது நாள் பிந்திச் சொன்னதும் உண்மை. கோவம் வந்ததுதான். ஒரு மாசம் உம்மட சீனிச்சம்பலைக் கேளாமல் எடுத்துத் திண்டனான்."

அந்த மாதம் வெங்காயச் சம்பல் போத்தல் வெகு சீக்கிரம் காலியானது எனக்கு நினைவிருந்தது. கடைச் சாமான் பட்டியலில்கூட அதை இரண்டு தரம் எழுதியிருந்தேன். சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

கையெழுத்துப் போட்டேன். ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டு அவர் வேறொருவர் போலக் கேட்டார், "அந்த விதி உங்களுக்கு எப்ப தெரிய வந்தது?" செவ்வாய்க்கிழமை என்றேன். எனக்குள் வைத்திருந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை, எழுதிக்கொண்டார். அவருடைய ஆய்வில் எனக்குப் பெயரில்லை, எண் மட்டும்தான். அதிலும் ஒரு முழுப் பக்கம் எனக்கு.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, அவர் ஒரு கருத்தரங்கில் பேசப் போவதாகக் கேட்டால் இப்போதும் அந்தப் பழைய இடத்தில் காந்தும். ஆனால் அன்றிலிருந்து என் பட்டியல்களில், திகதிக்குப் பக்கத்தில், இதை யாருக்குச் சொன்னேன் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது; காந்தும் நாட்களில் அதைத்தான் முதலில் நிரப்புகிறேன்.