இருபதாவது பை

இல்லத்துக்குப் புதிதாக வந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகும் முதல் நாள், வேன் கிளம்பும் முன்பே பயத்தில் சீட்டை நனைத்துவிட்டாள். சாப்பாட்டுக் கூடையை வேனில் ஏற்ற வந்த சமையல்கார அக்கா அதைப் பார்த்துவிட்டாள். டிரைவரும் பார்த்துவிட்டார். மற்ற பிள்ளைகள் ஏறுவதற்குள் அவர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சீட்டின் மேலும் அவள் பாவாடை மேலும் மொத்தமாகக் கவிழ்த்தார். பிறகு சமையல்கார அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "தங்கச்சி, மாத்துத் துணி ஒண்ணு எடுத்துட்டு வா. வரும்போது என்னைத் திட்டிக்கிட்டே வா."

அக்காவும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள். ஓட்டைக் கை, பொறுப்பு இல்லாத மனுஷன் என்றெல்லாம். பிள்ளைகள் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளைத்தான் அவர் முதலில் ஏற்றுவார். தலையைத் தொட்டு, "லாபம்" என்பார். அடுத்த பிள்ளைக்கு "ரெண்டு", அதற்கடுத்து "மூணு". அப்படியே பத்தொன்பது வரைக்கும் எண்ணி முடித்த பிறகுதான் கதவைச் சாத்துவார்.

டிரைவர் வேலைக்கு வரும் முன்னால் அவர் தானியக் கடையில் அளவுக்காரர். பன்னிரண்டு வயதில் மரக்காலைப் பிடித்த கை. அளக்கிறவன் வாயில் முதல் அளவுக்கு "ஒண்ணு" என்று வராது. நல்ல சொல்லில் தொடங்கட்டும் என்று "லாபம்" என்றுதான் வரும். மூட்டை தூக்கி இடுப்பு போனதும் வண்டி ஓட்டப் பழகி, இந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். மரக்கால் போனாலும் வாய்ப்பழக்கம் போகவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு அவர் 'லாபம் மாமா'. பெரியவர்களுக்கு டிரைவர் அண்ணன். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு கணம் யோசிப்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடல் கடந்து கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருவார்கள். மூன்று வாரம் தங்குவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டு, விளையாட்டு, படம் வரைதல். அதுவரைக்கும் சுவருக்குப் பெயிண்ட். வருஷா வருஷம் அதே சுவர்தான். அடித்து அடித்துச் சுவர் ஒரு விரல்கட்டை தடித்துவிட்டது என்று சமையல்கார அக்கா கேலி செய்வாள். ஆனாலும் நல்ல பிள்ளைகள். சனிக்கிழமை ஆனால் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து, எடுத்த படங்களை எல்லாம் போனில் காட்டுவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்தச் சின்னப் பெண் போனில் ஒரு ஏரியைப் பார்த்துவிட்டு, "மாமா, இது அவங்க ஊரா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்த ஏரி வேனில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருந்தது. டிரைவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இல்லத்தை நடத்தும் பெரியம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தவிர எங்கேயும் அனுப்பியது இல்லை. கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை, பயம்தான். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் ஆண்டவனுக்கு யார் பதில் சொல்வது என்பாள். டிரைவர் நான்கு நாள் விடாமல் அவள் அறை வாசலில் போய் நின்றார். ஐந்தாம் நாள் பெரியம்மா வாயைத் திறந்தாள்.

"பத்தொன்பது போகுது, பத்தொன்பது வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் சரி, இனிமே ஒரு பிள்ளையும் இந்த கேட்டைத் தாண்டாது. உங்க வார்த்தையை நம்பி விடுறேன்."

அடுத்த சனிக்கிழமை வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் நம் பிள்ளைகளும் போனார்கள். சமையல்கார அக்கா நம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு கூடவே போனாள். அவளும் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. எவ்வளவு தண்ணீர்! இதைப் படைத்தவனுக்குக் கை வலிக்கவில்லையே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய வாத்தியாரம்மா, இரண்டு பாஷையும் தெரிந்த வழிகாட்டி எல்லோரும் படகில் ஏறிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் கரையில் தங்கினாள். ஒட்டகச்சிவிங்கிபோல உயரம், அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் நெட்டையக்கா. அவள் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே பெயிண்டில் எழுதியிருந்தாள். மூன்று வாரப் பழக்கம்; பெயர் சொல்லிக் கூப்பிடாமல் முகத்தைப் பார்த்தே கொடுத்தாள். வாங்கிய பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தார்கள்.

கடைசியில் அவள் கையில் ஒரு பை மிஞ்சியது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிள்ளைகளை எண்ணினாள். வேனுக்குள் ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. டிரைவரிடம் ஓடி வந்து பத்து விரலை இரண்டு தடவை விரித்துக் காட்டினாள். பிறகு பிள்ளைகளைக் காட்டி, ஒரு விரலை மடக்கினாள். மடக்கிய கையோடு ஏரியைக் காட்டினாள். போனைத் தட்டிப் பார்த்தாள், அதில் சிக்னல் இல்லை. ஏரியைப் பார்த்து, "லபாம்! லபாம்!" என்று கத்தத் தொடங்கினாள்.

லபாம் என்றால் அவர்கள் பாஷையில் ஆபத்து என்று அர்த்தம் போலிருக்கிறது என்று சமையல்கார அக்கா நினைத்துக்கொண்டாள்.

டிரைவர் எண்ணினார். பத்தொன்பது. திரும்பவும் எண்ணினார். பத்தொன்பதுதான். சரியாகத்தானே இருக்கிறது என்று அக்கா மூச்சு விட்டாள். ஆனாலும் எதற்கும் பார்ப்போம் என்று கூடையில் இருந்த காலி டப்பாக்களை எண்ணினாள். இருபது. டிரைவருக்கும் ஒரு டப்பா கட்டியது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவே இல்லை. "அண்ணே, டப்பா இருபது இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், அந்த மனுஷன் முகத்தில் ரத்தம் இல்லை. "லாபம்னு ஆரம்பிச்சு ஆரம்பிச்சு ஒரு பிள்ளையைக் கணக்குலயே விட்டுட்டேனா, தங்கச்சி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்போடு ஏரிக்குள் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. நீச்சல் தெரியாதவர். படகுச் சீட்டுக் கொடுக்கிறவன் விசில் ஊதினான். இவர் திரும்பவில்லை. தண்ணீரைக் கையால் விலக்கி விலக்கி, அறையில் சாவியைத் தேடுகிறவர்போலத் தேடினார். அக்கா கரையில் மண்டியிட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் மறந்தது. மீதியை ஆண்டவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று கண்ணை மூடினாள். பெரியம்மா முகமும், மூடின கேட்டும்தான் கண்ணுக்குள் வந்தன.

அந்தச் சின்னப் பெண் மட்டும் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் இங்கிலீஷ் எழுத்து படித்திருந்தாள். எழுத்தைக் கண்டால் விடமாட்டாள். நெட்டையக்கா கையிலிருந்து தொங்கிய பையை இழுத்துப் பிடித்து, விரலை வைத்துக் கூட்டினாள்.

"எல், ஏ... லா. பி, ஏ... ப. எம்... ம். லா-ப-ம்." தண்ணீரில் நின்றவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "மாமா, வெளியே வாங்க. இது உங்க பேரு."

பத்தொன்பது பிள்ளைகளும் சிரித்த சிரிப்பில் விசில் ஊதினவனும் சேர்ந்து சிரித்தான்.

படகில் போன வழிகாட்டி திரும்பி வந்ததும் விஷயம் முழுவதும் தெரிந்தது. தினமும் காலையில் வேன் பக்கம் "லாபம்" என்று முதலில் கூப்பிடுவது நெட்டையக்கா காதில் விழுந்திருக்கிறது. யாரோ ஒரு பையன், எப்போதும் முதலில் ஏறிவிடுகிறான், கூச்ச சுபாவம், வெளியே வருவதே இல்லை என்று நினைத்திருக்கிறாள். லாபம் எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால் அவர்களும் வேனைக் காட்டியிருக்கிறார்கள். பாவம், முகம் தெரியாத அந்தப் பையனுக்குத்தான் மற்ற பைகளைவிட அழகாகப் பூப்போட்டு எழுதியிருந்தாள்.

டிரைவர் கரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்தபடியே அழுதார். நெட்டையக்கா அவர் கழுத்தில் பையை மாட்டிவிட்டு, அவர் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அவளும் அழுதாள். அந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை. அக்கா டப்பாக்களைத் திரும்ப எண்ணினாள். இருபது. எண்ணியது சரிதான், ஆளைத்தான் மறந்தோம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பெரியம்மா கேட்டிலேயே நின்றிருந்தாள். பிள்ளைகளை எண்ணும் முன்பே டிரைவரின் நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டாள். கால் வழுக்கியது என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து நின்றார்.

பெரியம்மா வேன் கதவுப் பக்கம் வந்தாள். முதலில் இறங்கின சின்னப் பெண்ணின் தலையில் கை வைத்தாள்.

"லாபம்" என்றாள். "ரெண்டு. மூணு."

பத்தொன்பது வந்ததும் டிரைவரைப் பார்த்து, அடுத்த வருஷம் மலைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே தண்ணீர் இருக்காது என்றாள். அக்காவுக்கு அப்போதுதான் மறந்துபோன ஜெபத்தின் மீதிப் பாதி ஞாபகம் வந்தது.

அதன் பிறகு எல்லா வருஷமும் பிள்ளைகள் வெளியே போனார்கள். டிரைவர் தோளில் அந்தப் பை இல்லாத நாள் இல்லை. உள்ளே மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், யாருக்காவது வேண்டியிருக்கும் என்று ஒரு மாற்றுத் துணி.

கண்ணில் புரை விழுந்ததும் வண்டி ஓட்ட முடியாமல் போனது. வேறு ஊரிலிருந்த மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். கிளம்புகிற காலையில், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரும் புது டிரைவர் வேனை எடுக்கும் முன்னால், இவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரிந்தது. பிறகு சமையலறை வாசலுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிற கொடுப்பினை சமையல்கார அக்காவுக்கு இல்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்:

"தங்கச்சி, இனிமே டப்பா பத்தொன்பதுதான் இருக்கும். ஒண்ணு குறையுதேன்னு ஏரியில இறங்கித் தேடிடாதே. அது நான்தான். பத்திரமாத்தான் இருக்கேன்."