சூப்புக் கிண்ணம் இருக்கும் பக்கம்

பே சாங்டோக் நல்ல கணவராக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. யோங்ஜு ரயில்வேயில் முப்பத்து நான்கு வருஷம் தண்டவாளம் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் குட்டை மேசைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்ததைச் சாப்பிட்டார். உப்பு சரியாக இருந்தால் வாய் திறக்கமாட்டார். மனைவி மல்சூன் அந்த மௌனத்தையே பாராட்டாக எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு வருஷம் சமைத்தாள்.

போன குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு லேசாகக் குழறியதே தவிர, அதன் கூர் மழுங்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் சாங்டோக் முதல்முறையாக அடுப்புப் பற்றவைத்தார். சோயா விழுதை எவ்வளவு கரைப்பது, காய்ந்த முள்ளங்கிக் கீரையை எத்தனை நேரம் வேகவைப்பது, எல்லாவற்றையும் அவள் படுத்தபடியே சொன்னாள்.

"நெத்திலித் தலையக் கிள்ளினீங்களா?"

"கிள்ளிட்டேன்."

"குடல?"

"அதையும்தான்."

"பொய். கசப்பு வாசம் இங்க வரைக்கும் வருது."

சோறு இடது பக்கம், சூப் வலது பக்கம், நடுவில் கிம்ச்சி ஊறுகாயும் உப்பு அயிலை மீனும் வைத்தார். அவள் இடது கையால் கரண்டியைப் பிடித்து, சோற்றைத் தாண்டி, வலது பக்கத்துக் கிண்ணம் வரை நீட்டினாள். திரும்பி வருவதற்குள் பாதி சூப் சோற்றிலும் சட்டைக் கையிலும் கொட்டியது. நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் சாங்டோக் கிண்ணங்களை இடம் மாற்றினார். சூப் இப்போது அவள் இடது கைக்கு அருகில். இவ்வளவு எளிதான விஷயம் முன்பே தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மல்சூன் மேசையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹேயோங் அப்பா, இது யாருக்குச் சாப்பாடு?"

"உனக்குத்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"அப்போ நான் செத்தாச்சா?"

அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. சூப்பை இடது பக்கம் வைப்பது இறந்தவர்களுக்கு. மூத்த மருமகளாக வந்த மல்சூன், வருஷத்துக்கு எட்டுப் படையல் அப்படித்தான் வைத்தாள். கிண்ணத்தை மாற்றி வைத்த ஓரகத்தியின் கையில் ஒருமுறை பட்டென்று அடித்திருக்கிறாள். சாங்டோக் அத்தனை படையலிலும் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கியவர். சூப் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அவசரமாகப் பழையபடி மாற்றினார். அவள் பசியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து சூப்பைத் தொடவில்லை. சிந்துவதும் அவளுக்கு அவமானமாகிவிட்டது. வெறும் சோற்றை இரண்டு கரண்டி மென்று நிறுத்திக்கொண்டாள். நாற்பத்தாறு கிலோ இருந்தவள் முப்பத்தொன்பதானாள். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, நோயாளர் விடுதியில்தான் வைக்கவேண்டும் என்றார் டாக்டர். புசானிலிருந்து மகள் ஹேயோங் போனில் அழுதாள்.

ஊட்டிவிடப் போனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். சோற்றைச் சூப்பில் கொட்டி ஒரே கிண்ணமாகக் கொடுத்தார்.

"தண்டவாளத்துல நின்னுக்கிட்டு விழுங்குறவங்க சாப்பாடு அது. நீங்களே சாப்பிடுங்க."

ஒருநாள் தன் சூப்பையும் இடது பக்கம் வைத்துக்கொண்டார். "பாரு, நானும் செத்தவன்தான்."

"பிணம் இவ்வளவு சத்தமா உறிஞ்சாது," என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிடுவாள் போலிருந்தது. ஆனால் சாப்பிடவில்லை.

செத்தவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் சாங்டோக்குக்கு நம்பிக்கை இல்லை. மல்சூனுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளிடம் இருந்தது வேறு. மேசை முன் உட்காரும்போது தான் இந்தப் பக்கத்து ஆள் என்ற தெளிவு. அதற்கு ஆதாரம் ஒரு கிண்ணம் இருக்கும் இடம் மட்டுமே. இதைவிடச் சின்ன ஆதாரத்தில் நிற்பவர்களும் உண்டு.

மழைக்காலம் தொடங்கியது. எடை முப்பத்தெட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை விடுதியில் கட்டில் தயாராக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் சாங்டோக் வழக்கம்போல் மேசையைப் போட்டார். மல்சூன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத இந்தப் பக்கம் வைங்க."

"எத?"

"சூப்ப. இடது பக்கம்."

"வேணாம் ஹேயோங் அம்மா. சிந்தினா சிந்தட்டும். நான் தொடச்சுக்கிறேன்."

"வைங்கன்னா. குழாய் போட்டுட்டா எந்தப் பக்கமும் கிடையாது."

அவர் கை கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றது. பிறகு மாற்றி வைத்தார். அவள் கரண்டியை நேராக இறக்கினாள், நேராகத் தூக்கினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அயிலையில் பாதியும் போனது. சோற்றுக் கிண்ணத்தின் அடி தெரிந்தது. இதைத்தான் அவர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்கா?" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. சாங்டோக் தன் கரண்டியை இன்னும் தொடவில்லை. படையல் வைத்தபின், உள்ளே சாப்பிடுகிறவர்கள் முடிக்கட்டும் என்று கதவுக்கு வெளியே காத்திருப்பார்களே, அப்படிக் கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.