சாலைக்கு அந்தப்பக்கத்துப் பிள்ளைகள்

தாமல் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு காலனி. அங்கே பெற்றோர்கள் விடியும்போதே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். சேர்க்கைக்காக வீடு வீடாகப் போய், காலை உணவு, சீருடை, புத்தகம் எல்லாவற்றையும் சொல்வேன்.

"அதெல்லாம் சரி டீச்சர். லாரி பறந்துகினு இருக்குது. புள்ளைங்கள யாரு தாண்டி வுடுவாங்க?" என்பார்கள். நோட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன்.

அந்தக் காலனியில் கலைச்செல்வி என்பவர் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுபவர். மகளைப் பள்ளியில் விட வரும்போது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அவரே அழைத்துவர ஆரம்பித்தார். என் ஒன்றாம் வகுப்பு நிறைந்தது.

பிறகு அவர் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து, காஞ்சிபுரத்தில் பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். இனி கலைச்செல்வி வரமாட்டார், பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள் என்ற பயத்தோடு, பள்ளி திறந்த அன்று வாசலிலேயே காத்திருந்தேன்.

லாரிகள் சற்று ஓய்ந்தபோது, ஒரு கையை நீட்டியபடி அவர் சாலையில் இறங்கினார். பின்னால் கைகோத்துக்கொண்டு பிள்ளைகள். அதில் புதுமுகங்களும் இருந்தன.

"உங்க பொண்ணுதான் இப்போ இங்க படிக்கலையேம்மா?" என்றேன்.

"அவ போயிட்டா டீச்சர். ரோடு அங்கயேதானே இருக்குது."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். தாமதமாக வந்த ஒரு சிறுமி எதிர்ப்பக்கம் தயங்கி நின்றாள். அவளுக்காக மறுபடியும் சாலையைக் கடந்தார்.

இப்போதெல்லாம் சேர்க்கைக்குப் போகும் வீடுகளில், பிள்ளையை யார் கூட்டி வருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். யாரும் இல்லையென்றால், காலையில் பிள்ளையை அழைத்துவர நானே போய் அந்த வீட்டு வாசலில் நிற்கிறேன்.