முதல் பக்கத்து மேதை

என் அண்ணனுக்குத் தெரியாத புத்தகமே கிடையாது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனே அண்ணன்தான்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் உட்கார்ந்து கண்ணைச் சோதிப்பது, ஃபிரேம் காட்டுவது, வாய் ஓயாமல் பேசுவது எல்லாம் அவன் வேலை. தடுப்புக்குப் பின்னால் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது தங்கச்சி என் வேலை. அவன் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் தடுப்பைத் தாண்டி என் காதில் விழும். அந்தக் கொடுமைக்குக் கண்ணாடி போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை.

மற்ற கடைகளில் படிக்கிற கண்ணாடியைச் சரிபார்க்க ஒரு அட்டை கொடுப்பார்கள். பெரிய எழுத்தில் தொடங்கிச் சின்ன எழுத்தில் முடியும். எங்கள் அப்பாவுக்கு அந்த அட்டையைக் கண்டாலே ஆகாது. வருகிறவர்கள் போன தடவை படித்த வரியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, "பிரமாதமா தெரியுது" என்று போவார்களாம். வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியவில்லை என்று மறுநாள் சண்டைக்கு வருவார்களாம். அதனால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய பேப்பர் கடையிலிருந்து கையில் அகப்பட்ட புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து அலமாரியில் அடுக்கிவிட்டார். வருகிறவர் ஏதாவது ஒன்றை எடுத்து, புதுக் கண்ணாடியோடு முதல் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். மனப்பாடத்தை ஒழிக்க அப்பா கண்டுபிடித்த வழி இது. அதைக் கேட்டுக் கேட்டே அவர் பெற்ற பிள்ளை ஒரு அலமாரியை மனப்பாடம் செய்துவிட்டான்.

துப்பறியும் கதை, காதல் கதை, பேய்க் கதை, சரித்திரம், கடல் பயணம், நட்சத்திரங்களைப் பற்றிய விஞ்ஞானம், அதிகாலையில் எழுந்தால் கோடீஸ்வரனாகலாம் என்கிற ரகம், கவிதை, எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் முதல் பக்கம். எழுத்தாளர்களைக்கூட அப்படியே தரம் பிரித்து வைத்திருந்தான். "இந்த ஆளு எடுத்த எடுப்புல ஒரு பிணத்தைப் போட்டுடுவான். அந்த அம்மா மழை பெய்யாம கதையை ஆரம்பிக்கவே மாட்டாங்க. இவர் இருக்காரே, ராஜாவைத் தூக்கத்துல இருந்து எழுப்பவே அரைப் பக்கம் எடுத்துக்குவார்." கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இந்த ஆளுக்கு உள்ளே எவ்வளவு சரக்கு என்று.

சரக்கு எவ்வளவு என்று முடிவெட்டுகிற கடைக்காரருக்குத் தெரியும். பிள்ளைக்குப் படித்துக் காட்ட நல்ல முயல் கதை ஒன்றை அண்ணன் சிபாரிசு செய்திருந்தான். மறுநாள் அவர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டாம் பக்கத்துலயே நரி வந்து முயலைத் தின்னுடுச்சு! பிள்ளை சோறு தின்ன மாட்டேங்குது!"

"வாழ்க்கைன்னா அப்படித்தான். அதைத்தான் எழுத்தாளர் சொல்ல வர்றார்" என்றான் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இவ்வளவு அளக்கிறவன் ஒன்றையாவது எடுத்துப் படித்தால் என்ன? நாற்பது வயது வரை சோம்பல் விடவில்லை. அதற்கப்புறம் கண் விடவில்லை. ஆமாம், கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. லென்ஸ் உறையில் இருக்கிற எண்ணை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால், "எனக்கென்ன கிழவன் வயசா?" என்பான். அலமாரிக் கண்ணாடியில் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொள்வான். நாள் முழுக்க ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிடுகிறவனுக்கு இந்த ஜம்பம்.

இப்படிப்பட்டவன் கடைக்குத்தான் அந்த நூலகக்காரி வந்தாள். அடுத்த தெருவில், தையற்கடைக்கு மேல் மாடியில், புத்தகங்களை வாடகைக்கு விடுகிறவள். எங்களைப் போலவே கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாமல் நாற்பதைத் தாண்டியவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கடல் பயணப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். முதல் பக்கம் முடிந்தது. எல்லாரும் அங்கே மூடி வைத்துவிடுவார்கள். இவள் பக்கத்தைத் திருப்பினாள். பின்னால் ஆட்கள் காத்திருப்பதையும் மறந்து படித்துக்கொண்டே போனாள்.

அண்ணன் அன்றைக்கே காலி. அந்தக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டி எங்கேயோ போகிறது என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"இவர் கப்பல் இல்லாம ஆரம்பிக்கவே மாட்டார் மேடம்" என்று ஒன்றை எடுத்துவிட்டான்.

"அட, ஆமா சார்! நான் கவனிச்சதே இல்லையே!" என்றாள் அவள்.

அப்புறம் வாராவாரம் வர ஆரம்பித்தாள். ஃபிரேமின் திருகு தளர்ந்துவிட்டதாம். அந்தத் திருகை இறுக்கியவள் நான். அது அவ்வளவு லேசில் தளராது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் திருகை இறுக்குகிற பாவனையில் பிணம், மழை, ராஜா என்று எல்லா முதல் பக்கங்களையும் அவள் காலடியில் கொட்டினான். அவள் சிரித்தாள். அவளுக்கும் இவனைப் பிடித்துத்தான் இருந்தது. எதற்கென்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு நாள் தைரியம் வந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேவிட்டான். நான் பின்னால் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று அவள் படியிறங்கிப் போனாள். மறுநாள் வந்து ஒரு புத்தகத்தை நீட்டினாள். அட்டையில் மஞ்சள் குடை போட்ட காதல் கதை.

"என் பதில் இதோட முடிவுல இருக்கு சார். படிச்சுப் பாருங்க."

வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அதே மஞ்சள் குடை எங்கள் அலமாரியிலும் இருந்து தொலைத்தது. முதல் பக்கம் இவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இதை நான் எப்பவோ முழுசா படிச்சுட்டேன் மேடம்! என்ன அருமையான முடிவு! எனக்குப் பரிபூரண சம்மதம்!"

அவள் முகம் சிவந்துபோனது. "அப்ப நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

"அண்ணே, இப்பவாவது அதைப் படிச்சுத் தொலையேன்" என்றேன்.

"காதல் கதைக்கு என்னடி முடிவு? கல்யாணம்தான். வேணும்னா நீ படிச்சுச் சொல்லு."

"கொலை நடக்காத புத்தகம் என் கையில நிக்காது. அதோட, கட்டிக்கப் போறது நீயா நானா?"

அவன் கேட்கவில்லை. அவள் புத்தகங்களுக்கு வீட்டில் இடம் வேண்டுமே என்று தச்சரைக் கூப்பிட்டு அலமாரி செய்யச் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தச்சரின் தலைமேல் நின்றுகொண்டு அவர் உயிரை வாங்கினான். சாயங்காலம் நான் கடைத்தெருவுக்குப் போனபோது பூங்கா வாசலில் நூலகக்காரி நிற்பதைப் பார்த்தேன். புது உடுப்பு, கையில் குடை. மழைக்கான அறிகுறியே இல்லை. "பஸ்ஸுக்கா?" என்றேன். "சும்மாதான்" என்றாள். எனக்கென்ன தெரியும்? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் கடைப் பக்கம் வரவே இல்லை. எதிரில் பார்த்தாலும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அண்ணன் முதலில் காத்திருந்தான், அப்புறம் கோபித்துக்கொண்டான். "சம்மதம்னு சொன்னவனை வந்து பார்க்கக்கூடத் தோணலையா? அப்படி என்ன கர்வம்?" என்று பொருமினான். புது அலமாரியில் லென்ஸ் உறைகளை அடுக்கி வைத்தான். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போவான். எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வந்தார். எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற ஆள். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல எல்லா முதல் பக்கமும் நான் படிச்சாச்சு தம்பி. இன்னைக்குக் கடைசிப் பக்கம் படிக்கிறேன். உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

கை போனது மஞ்சள் குடைக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுகிற மாதிரி படித்தார்.

"'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்கா வாசலில் நிற்பேன். வந்தீர்களானால் நான் உங்களுக்குத்தான். வராவிட்டால் அதுவே உங்கள் பதில். அதற்குப் பிறகு நானும் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்.' குடையை விரித்துக்கொண்டு அவள் காத்து நின்றாள். தெருமுனையில், நனைந்துகொண்டே, அவன் ஓடி வருவது தெரிந்தது."

டிரைவர் புத்தகத்தை மூடினார். "எழுத்து நல்லாத் தெரியுது. பய ஓடி வந்துட்டான், நல்லவேளை!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் போகும் வரை எப்படியோ நின்றான். அப்புறம் கண் சோதிக்கிற நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் பார்த்தேன் அண்ணே" என்றேன். "புது உடுப்புல, குடையோட நின்னாங்க. பஸ்ஸுக்குன்னு நெனைச்சேன்."

அவன் அழுதுவிட்டான். முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எருமைக்குப் பிறந்தவனே என்று திட்டலாம் என்றால், அது அப்பாவையும் சேர்த்துத் திட்டுவதாகும். உள்ளே போய் மெஷினைப் போட்டேன். அவன் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று அவனைவிட எனக்கு நன்றாகவே தெரியும். தேய்த்து, ஃபிரேமில் மாட்டி, கொண்டுவந்து அவன் மடியில் போட்டேன்.

"கிளம்பு" என்றேன்.

தனியாகப் போக மாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. நூலகக்காரி மேசைக்குப் பின்னால் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

"மேடம், நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கல." அண்ணனுக்கு வாய் குழறியது. "எந்தப் புத்தகத்தையும் படிக்கல. எல்லாம் கடையில கேட்டது. எனக்கு... கிட்டத்துல எழுத்தே தெரியாது."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இருட்டுற வரைக்கும் நின்னேன் சார். அருமையான முடிவு, பரிபூரண சம்மதம்னு சொன்ன மனுஷன் வரலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது? நாலு நாள் கடையைத் திறக்கல நான்."

அண்ணன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். இவ்வளவு நாள் ஊருக்கு ஒளித்து வைத்த கோலத்தில் அவள் முன்னால் நின்றான். பார்க்கக் கொஞ்சம் கிழவன் மாதிரிதான் இருந்தான். அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மஞ்சள் குடைப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் மடக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"படிங்க. இந்தத் தடவை நான் கேக்கிறேன்."

அண்ணனுக்கு உயிர் வந்தது. புத்தகத்தைத் திறந்தான். பார்வை எங்கேயோ இருக்க, கடகடவென்று ஆரம்பித்தான். "பெட்டிக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிய இருவரிடமும் சேர்த்து ஒரே ஒரு குடைதான்..."

அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"முதல் பக்கம் வேண்டாம் சார். அது உங்களுக்கு மனப்பாடம். திருப்புங்க."

திருப்பினான். எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டுத் தடுமாறி ஒரு பத்தியை முடித்தான். நெற்றி வேர்த்துவிட்டது. பாவமாக நிமிர்ந்து பார்த்தான்.

"எது வரைக்கும் மேடம் படிக்கணும்?"

"பூங்கா வாசல் வரைக்கும்" என்றாள்.