மேல் அடுக்கில் நின்றவர்

பாப்பாவுக்கு மேல்மலையனூரில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அமாவாசைக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனோம். என் அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி கம்பியை எடுத்ததுமே பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். என் தங்கை போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவின் அப்பா மட்டும் அங்கே இல்லை.

அவர் கத்தாரில், அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். காது குத்துக்கு வருகிறேன் என்று முதலில் சொன்னவர், தேதி நெருங்க நெருங்க லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். இதைக் கேட்டு அதிகம் வருத்தப்பட்டது என் மாமியார்தான்.

"அப்பன் இல்லாம புள்ளைக்கு இன்னா விசேஷம்," என்று போனிலேயே மகனிடம் கேட்டார்.

அதற்கு அவர் சொன்ன சமாதானம்தான் இந்த வீடியோ. நீங்கள் எடுக்கிற வீடியோவில் என்னையும் சேர்த்துவிடுங்கள், நான் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று அட்சதை போடுகிற மாதிரி எடுத்து அனுப்புகிறேன் என்றார். சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

என்னிடம் இருந்தது ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜர் ஒயரை மாட்டியே வைத்திருக்க வேண்டும். எங்கள் செஞ்சியில் கரண்ட் போனால் அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். யூடியூபில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான ஒரு மென்பொருளை இறக்கிக்கொண்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்தது எளிமையாகத்தான் இருந்தது. திரையின் கீழ்ப்பகுதியில் வரிசை வரிசையாகக் கோடுகள் இருக்கும். கீழ் வரிசையில் கோயில் வீடியோவைப் போட வேண்டும். அதற்கு மேல் வரிசையில் எதை வைக்கிறோமோ அது வீடியோவின் மேல் வந்து உட்காரும். படமும் வைக்கலாம், இன்னொரு வீடியோவும் வைக்கலாம். பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், ஓரத்தை வெட்டலாம், கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்பலாம். பச்சையை நீக்கு என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பின்னால் இருக்கும் துணி மறைந்து ஆள் மட்டும் நிற்பார்.

பாப்பாவின் அப்பா அனுப்பிய வீடியோ ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே அன்றைக்கு விடுமுறை. அறையில் யாரோ ஒருவருடைய பச்சைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டியிருந்தார்கள். நான் வாங்கி அனுப்பிய கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து அரிசியை அள்ளி முன்னால் தூவினார். பிறகு சிரித்தார். அவ்வளவுதான்.

இடது கையால் தூவியிருந்தார். வலது கை பின்னால் இருந்தது.

உடனே கூப்பிட்டேன். "ஏங்க, பீச்சாங்கையாலயா புள்ளைக்கு அட்சத போடுவாங்க? அத்த பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"அது செல்ஃபி கேமராம்மா. அதுல எல்லாம் மாத்தித்தான் காட்டும். நீ திருப்பிப் போட்டுக்க, சரியாயிடும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. திருப்பும் பொத்தானை அழுத்தினேன். வலது கையால் அட்சதை போட்டார். பச்சையை நீக்கி, அவரைச் சிறிதாக்கி, அண்ணனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். தலைமுடி ஓரத்தில் மட்டும் பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி மலையனூரில் எங்களோடு நிற்கிற மாதிரியே இருந்தார். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன். முடித்துவிட்டே காட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று அடுத்த நாள் தோன்றியது. போட்டோவில் இருக்கும் அவர் முகம் மெல்ல மங்கி, அட்சதை போடும் முகமாக மாற வேண்டும். யூடியூப்காரர் அதற்கும் வழி சொல்லியிருந்தார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதைப் பாதி தெரிகிற மாதிரி மங்கலாக்கிக்கொண்டால், கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு பொருத்திவிடலாம்.

சாயந்திரம் பாப்பா தூங்கும்போது உட்கார்ந்து பொருத்தினேன். கண் சேர்ந்தது. மூக்கும் சேர்ந்தது. ஆனாலும் முகம் சேரவில்லை. கல்யாணப் போட்டோவில் அவருக்கு வலது கன்னத்தில் மச்சம். அதன் மேல் மங்கலாகக் கிடந்த முகத்தில் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. ஒரே முகத்தில் இரண்டு மச்சம்.

நான்தானே திருப்பினேன் என்று திருப்பியதை எடுத்துவிட்டேன். இரண்டு மச்சமும் ஒன்றாகிப் போயின. இரண்டு முகமும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்திவிட்டன. சட்டைப் பையைப் பார்த்தேன். எல்லா ஆம்பளைச் சட்டையிலும் இருப்பது போல இடது பக்கத்தில் இருந்தது. அப்படியென்றால் கேமரா எதையும் மாற்றிக் காட்டவில்லை. அவர் இடது கையால்தான் அட்சதை போட்டிருக்கிறார்.

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அரிசியை அள்ளும்போதும் சரி, சிரிக்கும்போதும் சரி, வலது கை ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை. இத்தனை மாதமாக வீடியோ காலில் முகத்தை மட்டுமே காட்டியது நினைவுக்கு வந்தது. நெட் சரியில்லை என்று பாதி நாள் வெறும் குரலில்தான் பேசினார்.

மொட்டை மாடிக்குப் போய் அவரை வீடியோவில் கூப்பிட்டேன். எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி. மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வலது கையக் காட்டுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"காட்டுங்க."

"வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்."

"போன வச்சீங்கன்னா இப்பவே கீழ போயி அத்தகிட்ட சொல்லிடுவேன். இன்னான்னு தெரியாமலே சொல்லுவேன்."

அவர் எங்கேயோ நடந்துபோய் ஒரு சுவர் ஓரமாக நின்றார். பிறகு கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்லை. அந்த இடத்தில் தோல் இழுத்துத் தைக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது.

அலுமினியம் அறுக்கிற மிஷினில் போயிருக்கிறது. மார்கழியிலேயே. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நன்றாகத்தான் பார்த்தார்கள், இப்போது ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லிக்கொண்டே போனார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? அங்க இருந்து அழுவ."

"லீவு?"

"குடுத்தாங்க. நான்தான் வாங்கல." குரல் இறங்கிவிட்டது. "எல்லா சொந்தமும் வந்து நிக்கும். ஆளாளுக்குக் கையப் புடிச்சிப் பாப்பாங்க. பாப்பா விசேஷத்துல எல்லாரும் என் கையப் பத்தியே பேசணுமா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மார்கழியிலிருந்து தினமும் சாப்டீங்களா, சாப்டீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்தக் கையால் சாப்பிட்டார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"திருப்பியே போட்டுடு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றார்.

கீழே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். திருப்பி வைத்தால் அது அவர் முகமாகவே எனக்குத் தெரியவில்லை. விஷயம் தெரிந்த பிறகு அந்த மச்சத்தைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை. திருப்பாமல் வைத்தால் அத்தை இடது கையைப் பார்ப்பார். கடைசியில் கைகளையே வெட்டிவிட்டேன். மேல் வரிசையில் அவருடைய முகமும் தோளும் மட்டும் மிஞ்சின. அட்சதை போடும் இடத்தை எடுத்துவிட்டுச் சிரிக்கிற இடத்தை மட்டும் வைத்தேன்.

மறுநாள் பென்டிரைவில் ஏற்றி டிவியில் போட்டேன். அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். மகன் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"அரிசி போட்டேன்னு சொன்னானே. சும்மா நின்னுக்கிட்டு இல்ல இருக்கான்."

"அந்த எடம் சரியா வரல அத்த."

"வந்த வரைக்கும் போடு. கோணலா இருந்தா இன்னா."

நான் பென்டிரைவைக் கழற்றப் போனேன். அத்தை டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"நேத்து மாடியில இருந்து எறங்கினதுல இருந்து உன் மூஞ்சி சரியில்ல. எம்புள்ளைக்கு இன்னா ஆச்சி?"

மறைக்கச் சொல்லி பாப்பாவின் அப்பா கேட்டிருந்தார். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். வெட்டாமல் இருந்த வீடியோவையும் காட்டினேன். அத்தை சத்தம் போட்டு அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. டிவி ரிமோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வெரலு போனா மனுஷன் போயிடுவானா? கெளம்பி வாடா," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நெடுநேரம் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று அவர் என்மேல் கோபித்துக்கொண்டு சில நாள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேலையை விட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஆடியில் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பையை இடது தோளில் மாட்டியிருந்தார், வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பாப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதல் மாதம் முழுக்கக் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. வந்து பார்க்கிறவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், யாராவது கேட்டைத் தட்டினால் மாடிக்குப் போய்விடுவார். என்னிடம் சரியாகத்தான் பேசினார். ஆனால் இன்னமும் எதையாவது மறைக்கிறாரோ என்று அவர் முகத்தை நான் பார்ப்பதும், அதைக் கண்டுகொண்டு அவர் முகத்தைத் திருப்புவதும் இப்போதும் நடக்கிறது.

இப்போது திருவண்ணாமலை சாலையில் சிநேகிதர் ஒருவருடைய அலுமினியக் கடைக்குப் போகிறார். வீடுகளுக்குப் போய் ஜன்னலுக்கு அளவெடுத்து வருகிற வேலை. மூன்று விரலில் பென்சில் பிடிக்கப் பழகிவிட்டார். போன வாரம் பாப்பாவோடு அந்த வழியாகப் போனேன். உள்ளே யாரோ அறுக்கிற மிஷினைப் போட்டார்கள். அவர் கையில் இருந்த டேப்பை வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் போகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றார். எங்களை அவர் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே போனார்.